பக்கத்து வீட்டு இருட்டு

மின்சாரம் நின்றுபோன ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது என்றால் அந்த வெளிச்சம் யாருடையது? கேள்வி குழந்தைத்தனமாகப் படலாம். யந்திரம் அவனுடையது, பெட்ரோல் அவன் காசு, ஆகவே வெளிச்சமும் அவனுடையது என்று சட்டம் ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் வெளிச்சத்தின் சுபாவம் வேறு. அது ஜன்னலோடு நிற்பதில்லை. உள்ளே இருப்பவனுக்குப் பயன்படுகிற அதே நேரத்தில், வெளியே இருப்பவனுக்கு அவன் இருட்டில் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டும் இருக்கிறது.

நம் பக்கத்தில் மின்சாரம் போனால் திண்ணைக்கு வருகிறோம், மொட்டைமாடிக்குப் போகிறோம். வெளி நமக்குப் புகலிடம். குளிர் தேசத்தில் வெளிதான் எதிரி. பனிக்காலத்து இரவில், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி இருக்கும்போது, கணப்பு நின்ற வீட்டில் சுவர்கள் தம் சூட்டைச் சில மணி நேரம் வைத்திருக்கும், பிறகு விட்டுவிடும். குழாய்களில் தண்ணீர் உறைந்து பருத்துக் குழாயைப் பிளக்கும். கிழவர்களும் கைக்குழந்தைகளும் முதலில் விறைப்பார்கள். அங்கே ஒருவன் வீட்டு ஜெனரேட்டர் வாங்குவது சௌகரியம் பற்றிய காரியம் மட்டுமல்ல என்பதால், அதை முன்வைத்து யோசிக்க இடமிருக்கிறது. தார்மீகம் பற்றி எழுதுகிற தத்துவவாதிகள் உதாரணத்துக்காகக் கப்பலைக் கவிழ்ப்பார்கள், பாலைவனத்தில் இருவரை ஒரு குவளைத் தண்ணீரோடு நிறுத்துவார்கள். இங்கே உதாரணம் ஏற்கெனவே கொல்லையில், பனிக்கு நடுவில், இரைச்சலோடு நின்றுகொண்டிருக்கிறது.

1998 ஜனவரியில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரீயலைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும் உறைமழை பெய்தது. தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் பனிக்கட்டியாக இறுகிவிடுகிற மழை. 5ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிவரை விட்டுவிட்டுப் பெய்து, மோசமான இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவை எட்டியது. விரல் தடிமன் கம்பி முழங்கைத் தடிமன் ஆயிற்று. சுமார் ஆயிரம் இரும்புக் கோபுரங்களும் முப்பதாயிரம் மரக்கம்பங்களும் பாரம் தாங்காமல் மடிந்தன. ஹைட்ரோ-கியூபெக் என்கிற மாகாண அரசு நிறுவனத்தின் ஏறக்குறைய 14 லட்சம் இணைப்புகள் அறுந்தன. மாகாணத்து ஜனங்களில் பாதிப்பேர் இருட்டில். செயின்ட் ஹயஸிந்த், கிரான்பி, ஸான்-ழான்-ஸ்யூர்-ரிஷலியூ என்ற மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ‘கறுப்பு முக்கோணம்’ என்று பெயர் வந்தது. அங்கே சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

கியூபெக்குக்கு இது வெறும் இயற்கைச் சீற்றமல்ல. 1962 தேர்தலில் ழான் லெஸாஜ் மின்சாரக் கம்பெனிகளை அரசுடைமையாக்குவதை முன்வைத்து ஜெயித்தபோது, கோஷம் ‘நம் வீட்டில் நாமே எஜமானர்’ என்பது. 1965இல் உலகிலேயே முதல் தடவையாக 735 கிலோவோல்ட் லைனை வடக்கிலுள்ள அணைகளிலிருந்து மாண்ட்ரீயல்வரை இழுத்தார்கள். பிரெஞ்சு பேசும் ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் தன்மானத்தையே ஆற்றிலும் கம்பியிலும் கட்டிவைத்த விஷயம் அது. மின்சாரம் மலிவானதால் வீட்டைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரத்தாலேயே என்றாயிற்று. ஆக அந்த ஜனவரியில் கம்பி விழுந்தபோது விளக்கோடு கணப்பும் சேர்ந்து விழுந்தது. நம் வீட்டில் நாமே எஜமானர் என்ற வாக்கியத்தில் ‘நாம்’ என்பது யார் என்ற கேள்வி அப்போது, யாரும் கேட்காமலே, எழுந்து நின்றது. அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கிய ஒவ்வொருவனும் அந்தக் கோஷத்தின் பன்மையை ஒருமையாக மாற்றிக்கொண்டவன் என்று சொல்லத் தோன்றுகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த இலக்கண மாற்றத்தில்தான் ஆர்வம்.

ஜெனரேட்டர் தேர்ந்தெடுப்பது என்பது முதலில் ஒரு ஜாபிதா எழுதுவது. எவ்வளவு வாட் வேண்டும் என்று கடைக்காரன் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று ஒருவன் தன்னையே விசாரித்தாக வேண்டும். சந்நியாசம் வாங்குகிறவனைத் தவிர வேறு யாரும் இப்படி உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. நிலவறையில் எண்ணெயோ வாயுவோ எரிக்கிற கணப்பாக இருந்தால் அதன் விசிறிக்கும் பற்றவைக்கும் கருவிக்கும் 600, 800 வாட் போதும். நிலவறையில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப் ஓடும்போது ஒரு 800, கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. விளக்குகள் அற்பம். ஆனால் கியூபெக்கைப்போல வீடு முழுக்க மின்கணப்பாக இருந்தால் சுவரோரம் இருக்கிற ஒவ்வொன்றும் 1000, 1500 என்று கேட்கும். மொத்த வீட்டுக்கு 15,000, 20,000 வாட். கையால் தள்ளிக்கொண்டு போகிற 5000 வாட் யந்திரம் அந்த வீட்டில் இரண்டு அறையைக் காப்பாற்றும். எந்த இரண்டு அறை, யார் யார் அதில் படுப்பது என்பதையும் ஜாபிதாவில் எழுத வேண்டிவரும். மர அடுப்பைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்தவன் அந்த மாதம் ஊரிலேயே பணக்காரன்.

இதில் ஒரு வேடிக்கை. ஜாபிதாவில் பலர் முதலில் எழுதுவது குளிர்சாதனப் பெட்டியை. கதவுக்கு வெளியே ஊரே குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும்போது, உள்ளே ஒரு பெட்டியைக் குளிரவைக்க பெட்ரோல் எரிக்கிறான். இத்தனைக்கும் நிறைந்திருக்கிற உறைபெட்டியைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் தாங்கும். தேவை என்று நாம் அழைப்பதில் பாதி, பழக்கம் தன் பெயரை மாற்றிக்கொண்டு வருவதுதான்.

ஜாபிதாவைவிட முக்கியமான விஷயம் ஒன்றை யந்திரமே கற்றுத் தருகிறது. மோட்டார்கள் கிளம்பும்போதுதான் அதிகம் கேட்கும், ஓடத் தொடங்கியபின் அடங்கிவிடும். ஆகவே எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்ப வேண்டும் என்பவனுக்குப் பெரிய யந்திரம் தேவை. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவனுக்குச் சின்னது போதும். கணப்பை இரண்டு மணி நேரம் ஓட்டினால் வீடு அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும், அதற்குள் பம்ப் ஓடலாம், பிறகு உறைபெட்டி. தேவை விட்டுவிட்டு வருகிற வஸ்து. உடைமை அப்படியல்ல, அது இருபத்துநாலு மணி நேரமும் உடைமையாகவே இருக்கிறது. யந்திரம் அணைந்து கிடக்கிற நேரத்திலும் அது என்னுடையதாகவே கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பக்கத்து வீட்டுக்காரன் நிற்கிறான்.

கறுப்பு முக்கோணம் பால்பண்ணைப் பிரதேசம். மாட்டுக்குப் புயல் தெரியாது. அங்கே தினம் இரண்டு வேளை கறந்தாக வேண்டும், கறக்காவிட்டால் மடி கட்டிக்கொண்டு நோய் வரும். நூறு மாட்டைக் கையால் கறக்க ஆளில்லை. கறவை யந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டில் மாட்டி ஓட்டுகிற ஜெனரேட்டர் சில பண்ணைகளில் இருந்தது, பலவற்றில் இல்லை. இருந்த யந்திரங்கள் பண்ணை பண்ணையாகச் சுற்றின. இங்கே கறந்து முடிந்ததும் அங்கே. நடுராத்திரியில் ஒருவன் கறவை, விடியலில் இன்னொருவன். வண்டி வர முடியாமலும் பதனிடும் ஆலை ஓடாமலும் கறந்த பாலில் பெரும்பகுதியைக் கொட்ட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். பாலுக்காக அல்ல, மாட்டின் மடிக்காகக் கறந்தார்கள். இதை மனிதாபிமானத்தின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு அதில் உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை. தேவையின் கடிகாரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். என் மாட்டுக்கு மடி கட்டுவது எப்போது என்று அவனுக்குத் தெரியும், அவன் மாட்டுக்கு எப்போது என்று எனக்கு. ஆகவே யந்திரம் என் கொட்டிலில் சும்மா நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மணி நேரமாக இருந்தது.

புறநகர்த் தெருவில் அந்தக் கடிகாரம் இல்லை. பக்கத்து வீட்டின் கணப்பு எண்ணெயா மின்சாரமா, அங்கே மூச்சுக்கருவியோடு படுத்திருக்கும் கிழவி இருக்கிறாளா என்பது பத்து வருஷம் பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியாது. தெரியாதவனிடம் கடமை என்று ஒன்றை எப்படிச் சுமத்துவது? சுமத்த முடியாது என்பது பொதுவான பதில். தெரியாமல் இருப்பதே ஒரு ஏற்பாடாக இருந்தால் என்ன செய்வது என்பது என் கேள்வி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு யந்திரம் என்று வந்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணக்குப்படி ஒரு 5000 வாட் யந்திரம் மூன்று வீட்டுக் கணப்புகளை முறைவைத்து ஓட்டும். இருந்தும் மூன்று வீட்டிலும் மூன்று யந்திரம் வாங்கப்படுகிறதென்றால், அங்கே விலைக்கு வாங்கப்படுவது மின்சாரம் மட்டுமல்ல, கேட்காமல் இருக்கும் உரிமையும்தான். பயமும் ஒரு காரணம். தேவைபோல பயம் விட்டுவிட்டு வருவதில்லை. அது உடைமையைப்போலவே இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன.

சரி, கேட்காமல் இருக்கிற அந்தச் சுதந்திரமாவது நிஜமா என்று பார்க்கலாம். குளிர் இந்த விசாரணையைக் கருணையில்லாமல் நடத்துகிறது. பெட்ரோல் சில மாதம் தேங்கினால் கெட்டு, கார்புரேட்டரில் பிசினாகப் படியும். தேவைப்படுகிற அன்று யந்திரம் கிளம்பாது. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்காலத்துக்கென்று கலந்த டீசல் வேண்டும். புரொபேன் கெடாது, மெழுகு கட்டாது. ஆனால் அது −42 டிகிரியில் கொதிக்கிற வஸ்து, குளிர் அந்த எல்லையை நெருங்க நெருங்க ஆவியாகும் வேகம் குறைகிறது. சின்ன சிலிண்டராக இருந்தால், உள்ளே வாயு இருந்தும் யந்திரம் மூச்சுத் திணறும். குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மறுபடியும் பொதுக்குழாய், மறுபடியும் யாரோ ஒருவரின் அமுக்கியும் ஊழியனும். இஞ்சின் எண்ணெய் குளிரில் தேனாகும். பாட்டரி −18 டிகிரியில் தன் பலத்தில் பாதியை இழக்கும். இஞ்சினின் மூச்சுக்குழாயில் ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளழுத்தம் எண்ணெயை வெளியே தள்ளிவிடும். இதற்கெல்லாம் நிவாரணம் உண்டு: மெல்லிய செயற்கை எண்ணெய், பாட்டரிக்கடியில் சூட்டுத் தகடு, எண்ணெய்க்கு ஒரு சூட்டுப் பட்டை. வீட்டோடு நிரந்தரமாகப் பொருத்தும் யந்திரங்களில் இவையெல்லாம் குளிர்காலம் முழுவதும் வேலை செய்தபடி இருக்கும். எந்த மின்சாரத்தில்? பொதுக் கம்பியிலிருந்து வருகிற மின்சாரத்தில்தான். பொதுக் கம்பி அறுந்தால் பிழைக்க வைத்திருக்கும் யந்திரம், அது அறுகிறவரை அதனிடம் பாலைக் குடித்துக்கொண்டே படுத்திருக்கிறது. இதைவிடக் கச்சிதமான உருவகத்தை எந்தக் கவிஞனும் தந்துவிட முடியாது. ஆனால் இது உருவகமல்ல, மாதாமாதம் கட்டணத்தில் வருகிற தொகை.

ஹைடெகர் 1950களில் தொழில்நுட்பம் பற்றி எழுதிய கட்டுரையில் ரைன் நதியின் குறுக்கே இருக்கும் மின்நிலையத்தை எடுத்துக்கொண்டு, நதி இப்போது நதியாக இல்லை, உத்தரவுக்குக் காத்திருக்கும் கையிருப்பாகிவிட்டது என்றார். கியூபெக்கின் வடக்குக்கு இது அப்படியே பொருந்தும். லா கிராண்ட் நதியை அணைகட்டியபோது அங்கே வேட்டையாடி வாழ்ந்த கிரீ ஜனங்களின் நிலம் நீரில் போயிற்று. அந்த நதியும் கையிருப்பு. ஆனால் ஹைடெகரின் சித்திரத்தில் கையிருப்பு அழைத்தால் வரும். வராமல் போகிற இரவைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. வீட்டு ஜெனரேட்டர் கையிருப்புக்குக் கையிருப்பு. உத்தரவு பலிக்கும் என்ற நம்பிக்கை போனபிறகும் உத்தரவிடுகிற தோரணையை மட்டும் விடாதவனின் யந்திரம். வாரம் ஒருமுறை யாரும் கேட்காமலே அது தானாகக் கிளம்பிச் சில நிமிஷம் ஓடி அணைகிறது, தான் இன்னும் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி.

இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டும் சாவைப் பற்றியவை.

ஒன்று புகை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஒட்டுதலோடு பற்றிக்கொள்ளும். அதனால் யந்திரத்தை வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகை ஜன்னலுக்கு எதிர்த்திசையில் போகும்படி வைக்க வேண்டும். வெயில் தேசத்தில் இது சுலபம். பனி கொட்டும் இரவில், கயிற்றை இழுத்து இழுத்துக் கை மரத்துப்போனவனுக்கு, அதை உள்ளே, கார் கொட்டகைக்குள் தள்ளிவிட்டால் என்ன, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. 1998 புயலில் செத்தவர்களில் குளிரில் விறைத்தவர்களும் இருக்கிறார்கள், இந்தப் புகையில் தூங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். திருட்டுப் பயமும் யந்திரத்தை உள்ளே இழுக்கும். என்னுடையது என்று அணைத்துக்கொள்ள முடியாத ஒரு சொத்து. ஜீவனோடு இருக்க வேண்டுமானால் அதை வெளியே, பிறர் பார்வையில், பிறர் காதில்தான் வைத்தாக வேண்டும்.

இரண்டாவது கம்பி. ஜெனரேட்டரை நேராக வீட்டின் பிளக்கில் சொருகி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது மின்சாரம் வீட்டோடு நிற்காமல் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் புகுந்து, 240 வோல்ட்டாகப் போனது பல ஆயிரம் வோல்ட்டாக வெளியே வரும். செத்த கம்பி என்று நம்பி அதைத் தொடுகிற லைன்மேன் செத்துப்போவான். அவன் வந்திருப்பது எனக்கு விளக்கேற்ற. இதைத் தடுக்க ஒரு சேஞ்சோவர் ஸ்விட்ச்: பொதுக் கம்பியோடு சேர்ந்திரு, அல்லது உன் யந்திரத்தோடு சேர்ந்திரு, இரண்டோடும் ஒரே சமயத்தில் முடியாது என்று இரும்பால் சொல்கிற ஸ்விட்ச். அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். இப்படி யந்திரத்தால் நிர்ப்பந்திக்கப்பட்ட நன்மை நன்மைதானா, அதில் மனிதனின் தேர்வு எங்கே என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். கம்பத்தின்மேல் ஏறியிருக்கிற லைன்மேனுக்கு என் அந்தராத்மாவின் தூய்மையைப் பற்றி அக்கறை இல்லை. ஸ்விட்ச் இருக்கட்டும். ஸ்விட்ச் முடித்துக்கொடுக்கிற இடத்துக்கு அப்பால் என்ன மிச்சமிருக்கிறது என்பதே விஷயம். முகம் தெரியாத லைன்மேனைக் கொல்லாதிருக்க ஒரு கருவி கண்டுபிடித்தாயிற்று. முகம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரனுக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் இல்லை.

டேவிட் ஹ்யூம் 1751இல் சொன்னார்: எல்லாம் அபரிமிதமாகக் கிடைக்கிற இடத்திலும், எதுவுமே இல்லாத இடத்திலும் நீதி என்ற பேச்சுக்கு வேலையில்லை, நடுவில்தான் அது பிறக்கிறது. ஜெனரேட்டர் விஷயத்தில் இது பாதி சரி. 1990க்குப் பிறகு பல வருஷங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அறவே இல்லை; மண்ணெண்ணெய்க்கும் பாட்டரிக்கும் தடை. ஜாம் போத்தலில் திரிபோட்ட விளக்கு, சைக்கிள் டைனமோவை மிதித்துக் கேட்ட ரேடியோ. அங்கிருந்து மாண்ட்ரீயலுக்கும் டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்தவர்களில் பலருக்கு இருட்டு புதிதல்ல. அந்த இருட்டில் நீதி இல்லாமல் போயிற்று என்று ஹ்யூமோடு சேர்ந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே டைனமோவை மிதிப்பதற்கும் முறை இருந்தது, கேட்பதற்கும் கூட்டம் இருந்தது. ஆனால் எரிகிற ஒற்றை ஜன்னல் என்ற பிரச்னை அங்கே குறைவு என்பது நிஜம். எல்லோருக்கும் மின்சாரம் இருந்தால் அது இல்லை, யாருக்கும் இல்லையென்றாலும் அனேகமாக இல்லை. முதல் ஜன்னல் எரியத் தொடங்குகிற நிமிஷத்தில்தான் மீதித் தெரு ‘இருட்டு’ என்ற பெயரைப் பெறுகிறது.

ஆகவே எத்தனை வாட் என்ற கேள்விக்குத் திரும்பினால், என் கட்சி இது: தன் ஜாபிதாவை முடித்தபின் ஒருவன் இன்னொரு வீட்டுக் கணப்பு விசிறிக்கு ஒரு 800 வாட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கட்டும். இதைத் தர்மம் என்று அழைக்க வேண்டாம். எந்த யந்திரத்தையும் அதன் எல்லைவரை ஓட்டக்கூடாது என்று மெக்கானிக்கே சொல்வான், கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் வாங்கச் சொல்வான். அந்த மிச்சத்துக்கு ஒரு முகவரி இருக்கட்டும் என்பதுதான் நான் கூட்டுவது. குளிருக்கு ஏற்ற தடித்த உறையுள்ள ஒரு நீள ஒயர், பக்கத்து வீட்டை எட்டுகிற அளவு. சாதாரண ஒயரின் உறை அந்தக் குளிரில் கண்ணாடிபோல வெடிக்கும். ஒயர் வாங்குவதற்கு முன் அந்த வீட்டுக் கணப்பு எந்த மாதிரி என்று போய்க் கேட்க வேண்டியிருக்கும். சேமித்து வைக்கிற பெட்ரோலுக்கு யார் எவ்வளவு என்பதையும் பேச வேண்டியிருக்கும். அதில் சண்டை வரலாம், நல்ல வெயில்காலத்திலேயே வந்து தீர்ந்துபோகட்டும்.

பெரிய யந்திரம் ஒன்றும் அந்த ஜனவரியில் தெருவுக்கு வந்தது. மாண்ட்ரீயலுக்கு எதிர்க்கரையிலுள்ள பூஷெர்வில் என்ற ஊரில், நகர்மன்றத்துக்கு மின்சாரம் கொடுக்க ரயில்வேயிடம் டீசல் இஞ்சின் கேட்டார்கள். டீசல் ரயில் இஞ்சின் என்பது சக்கரத்தின்மேல் வைத்த ஜெனரேட்டர்தான். கிரேனால் தூக்கித் தண்டவாளத்திலிருந்து சாலையில் இறக்கி, சுமார் 300 மீட்டர் தூரத்தை அதன் சொந்தச் சக்தியிலேயே, தண்டவாளம் இல்லாத தார்ச்சாலையில் ஓட்டிப் போனார்கள். இரும்புச் சக்கரம் போன வழியெல்லாம் தார் கிழிந்து இரண்டு பள்ளமான கோடுகள் விழுந்தன.